வீட்டு நாஸில் யார் எதைத் தொடலாம்? யூசர், குரூப், ஃபோல்டர் அனுமதிகள்: முழுமையான வழிகாட்டி

நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) வாங்கிய புதிதில் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு அட்மின் கணக்குதான் இருக்கும். அதன் பாஸ்வேர்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டிவியிலும் அதையே போட்டிருப்பார்கள், ஸ்கேனரிலும் அதுதான். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு குறையும் தெரியாது. பையனின் லேப்டாப்பில் ஏதோ ஒரு கிராக் செய்த கேமுடன் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்) வந்து இறங்கும் நாளில்தான் விஷயம் புரியும். அந்த லேப்டாப்பால் நாஸில் எதையெல்லாம் அழிக்க முடியுமோ அதையெல்லாம் ரான்சம்வேரும் அழிக்கும். அட்மின் பாஸ்வேர்டை அதில் சேமித்துவைத்திருந்தால், கல்யாண ஆல்பத்திலிருந்து வீட்டுப் பத்திரம் வரை எல்லாமே அதன் கைக்குள்.

வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் நிறைய. அதனால் இந்த வழிகாட்டியில் ‘யார் பார்க்கலாம்’ என்ற கேள்வியை விட ‘யார் எழுதலாம், யார் அழிக்கலாம்’ என்ற கேள்விக்குத்தான் அதிக இடம். பார்க்கும் அனுமதியில் தாராளமாக இருங்கள், எழுதும் அனுமதியில் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

விளக்கத்துக்கு சினாலஜி நாஸ்களின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.2 பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். க்யூநாப், ட்ரூநாஸ், ஓபன் மீடியா வால்ட் எதுவாக இருந்தாலும் மெனுக்களின் பெயர்தான் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

முதலில் ஒரு தாள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீடு: கணவன், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன், கூடவே தாத்தா. கணவன் வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறார். உதவிக்கு ஒரு பையன் பகலில் வந்து போகிறான். ஹாலில் ஒரு டிவி பாக்ஸ், ஓரமாக ஸ்கேனருடன் ஒரு பிரிண்டர்.

இந்த வீட்டுக்கு நான்கு குரூப் போதும். குடும்பம் (ஐந்து பேரும்), பெரியவர்கள் (கணவன், மனைவி), அலுவலகம் (கணவன், உதவியாளர்), கருவிகள் (டிவி, ஸ்கேனர்). நாலு பேருக்கு எதற்குக் குரூப், நேராக ஆளுக்கு ஆள் அனுமதி கொடுத்தால் ஆகாதா என்று தோன்றும். ஆகும். ஆனால் நாளைக்கு உதவியாளர் மாறினால் எந்தெந்த ஃபோல்டரில் பழைய ஆளின் பெயர் இருக்கிறது என்று தேடித் திரிய வேண்டும். குரூப் இருந்தால் பழையவரை எடுத்துவிட்டுப் புதியவரைச் சேர்ப்பதோடு வேலை முடிந்தது.

அடுத்து ஃபோல்டர்கள். ‘போட்டோ’வைக் குடும்பம் முழுவதும் பார்க்கலாம், எழுதுவது மனைவி மட்டும். ‘சினிமா’வைக் குடும்பமும் கருவிகளும் பார்க்கலாம், எழுதுவது கணவன் மட்டும். ‘ஆவணம்’ பத்திரம், இன்சூரன்ஸ், ஆதார் நகல்களுக்கு. பெரியவர்கள் தவிர யாருக்கும் இல்லை. ‘அலுவலகம்’ அந்தக் குரூப்புக்கு மட்டும். ‘ஸ்கேன்’ பெரியவர்களுக்கும் ஸ்கேனருக்கும். ‘பொது’வில் குடும்பத்தார் யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம், எடுக்கலாம், அங்கே ஏதாவது காணாமல் போனால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

போட்டோவில் ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவர்களின் போன் படங்கள் எப்படி உள்ளே வரும்? அதற்குத்தான் தனி இடம் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் யூசர் அண்ட் குரூப் பகுதியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் யூசர் ஹோம் சேவையை இயக்கினால் ஒவ்வொருவருக்கும் ‘ஹோம்’ என்று ஒரு சொந்த ஃபோல்டர் கிடைக்கும். சினாலஜி போட்டோஸ் ஆப் போனிலிருந்து எடுக்கும் பேக்கப், பர்சனல் ஸ்பேஸ் என்ற பெயரில் அதற்குள்தான் போய் விழும். அதில் எல்லோரும் பார்க்க வேண்டிய படங்களை அவ்வப்போது ஒருவர் பொறுக்கிப் பொதுவான போட்டோ ஃபோல்டருக்கு மாற்றினால் போதும். ஒரே படம் ஐந்து போனிலிருந்து ஐந்து முறை வந்து குவியும் தொல்லையும் இதில் பாதி குறையும்.

அட்மின் வேறு, நீங்கள் வேறு

டிஎஸ்எம் 7-ஐப் புதிதாக நிறுவும்போது அட்மின் என்ற பழைய பொதுப்பெயர்க் கணக்கு முடங்கியே இருக்கும். நீங்கள் வைக்கும் பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கு உருவாகும். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்தவர்கள் அந்த அட்மின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து முடக்கிவிடுங்கள். உலகத்தில் எங்கிருந்தோ பாஸ்வேர்டுகளை வரிசையாக முயன்று பார்க்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) முதலில் தட்டுவது அந்தப் பெயரைத்தான்.

நிர்வாகக் கணக்கை நாஸைச் சீரமைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டூ ஃபேக்டர் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். தினசரி ஃபைல் வேலைக்கு உங்களுக்கென்று ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் டிரைவாக இணைப்பது அந்தச் சாதாரணக் கணக்கைத்தான், ஒருபோதும் நிர்வாகக் கணக்கை அல்ல. இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லா அமைப்பையும் விடப் பெரிய பாதுகாப்பு என்பேன்.

கணக்கு உருவாக்கும் வரிசை

யூசருக்கு முன் குரூப்பை உருவாக்குங்கள். குரூப்புக்கு முன் ஷேர்ட் ஃபோல்டர்கள் (தாளில் எழுதிய போட்டோ, சினிமா போன்றவை) இருந்தால் இன்னும் நல்லது. குரூப் உருவாக்கும்போதே எந்த ஃபோல்டர், என்ன அனுமதி என்று டிக் செய்துவிடலாம்.

அப்புறம் யூசர். பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர்களில் நாஸ் தடுமாறாவிட்டாலும் பழைய டிவி பாக்ஸும் பிரிண்டரும் தடுமாறும். கணக்கு உருவாக்கும் விசார்டில் குரூப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஷேர்ட் ஃபோல்டர் அனுமதிப் பக்கம் வரும். அதில் எதையும் தொடாதீர்கள். எல்லாம் குரூப் வழியாகவே வரட்டும். போட்டோவுக்கு மனைவி, சினிமாவுக்குக் கணவன் போன்ற விதிவிலக்குகளை மட்டும் அங்கே ரீட் ரைட் என்று டிக் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு வரும் அப்ளிகேஷன் அனுமதிப் பக்கத்தைப் பலரும் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். டிவி பாக்ஸின் கணக்குக்கு எஸ்எம்பி (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைத் திறக்கும் முறை) மட்டும் போதும். டிஎஸ்எம் திரைக்குள் நுழைய அதற்கு என்ன வேலை? ஸ்கேனருக்கும் அப்படியே. இப்படிக் கருவிகளுக்கென்று உருவாக்கும் கணக்குகளில் பாஸ்வேர்டை மாற்றும் உரிமையையும் எடுத்துவிடுங்கள். டிவி பாக்ஸில் சேமிக்கும் பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் அந்தக் கணக்கால் சினிமா ஃபோல்டரைப் படிப்பதைத் தவிர வேறு எதுவும் முடியக்கூடாது.

‘நோ ஆக்சஸ்’ என்ற கண்ணி

ஷேர்ட் ஃபோல்டர் அனுமதியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: நோ ஆக்சஸ், ரீட் ரைட், ரீட் ஒன்லி. ஒருவருக்குத் தன் பெயரில் ஓர் அனுமதியும், தான் இருக்கும் குரூப்கள் வழியாக வேறு அனுமதிகளும் இருந்தால் எது செல்லும்? நோ ஆக்சஸ் எல்லாவற்றையும் வெல்லும். அடுத்தது ரீட் ரைட். கடைசியில்தான் ரீட் ஒன்லி. குடும்பம் குரூப்பில் போட்டோவுக்கு ரீட் ஒன்லி இருந்தாலும் மனைவியின் பெயரில் ரீட் ரைட் இருப்பதால் அவரால் எழுத முடிவது இந்த வரிசையால்தான்.

கண்ணி எங்கே என்றால், ஆவணம் ஃபோல்டரை மற்றவர்களுக்கு மூட வேண்டும் என்று நினைப்பவர்கள் யூசர்ஸ் என்ற குரூப்புக்கு நோ ஆக்சஸ் போட்டுவிடுகிறார்கள். நாஸில் இருக்கும் ஒவ்வொரு கணக்கும் தானாகவே அந்த யூசர்ஸ் குரூப்பில் உறுப்பினர். அதிலிருந்து யாரையும் நீக்கவும் முடியாது. ஆக, போட்டவரையும் சேர்த்து வீடே வெளியில் நிற்கும். பெரியவர்கள் குரூப்புக்கு ரீட் ரைட் கொடுத்திருந்தாலும் பயனில்லை.

யாருக்கு அனுமதி வேண்டாமோ அவர்களுடைய கட்டத்தை வெறுமனே காலியாக விடுங்கள். டிக் இல்லை என்றாலே அனுமதி இல்லை. குரூப் வழியாக அனுமதி கிடைக்கும் ஒரே ஒருவரை மட்டும் விலக்க வேண்டும் என்ற அபூர்வமான நேரத்துக்குத்தான் நோ ஆக்சஸ்.

உள்ளே போகும் ஃபோல்டருக்குத் தனி அனுமதி

இங்கேதான் பலருக்குத் தலை சுற்றும். ஷேர்ட் ஃபோல்டரில் கொடுக்கும் அனுமதி ஒன்று. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியல் இன்னொன்று. அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விட்டாலும் வீட்டுக் கதவுக்குச் சாவி வேண்டும் என்பது போலத்தான். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நடக்கும்.

அலுவலகம் ஃபோல்டருக்குள் ‘வங்கி’ என்று ஒரு சப்ஃபோல்டர். அதைக் கணவன் மட்டும் பார்க்க வேண்டும், உதவியாளர் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம்.

1. நிர்வாகக் கணக்கில் ஃபைல் ஸ்டேஷனைத் திறந்து, வங்கி ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் பெர்மிஷன் பக்கத்துக்குப் போங்கள். மேல் ஃபோல்டரிலிருந்து வந்த வரிகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். அவற்றை நேராக அழிக்க முடியாது.

2. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பட்டனில் இரண்டு வழிகள் தெரியும். எக்ஸ்க்ளூட் இன்ஹெரிட்டட் பெர்மிஷன்ஸ் என்பது மேலிருந்து வந்த எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைத்துவிடும். அவசரத்தில் அதை அமுக்கி, புதிய வரி சேர்க்காமல் சேமித்தால் நீங்களே வெளியில். மேக் இன்ஹெரிட்டட் பெர்மிஷன்ஸ் எக்ஸ்ப்ளிசிட் என்பதை அமுக்குங்கள். அது அதே வரிகளை இந்த ஃபோல்டரின் சொந்த வரிகளாக மாற்றித்தரும்.

3. இப்போது அலுவலகம் குரூப்பின் வரியை நீக்குங்கள். நிர்வாகிகளின் வரியை விட்டுவையுங்கள். க்ரியேட் அமுக்கி, கணவனின் தினசரிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, ரீட், ரைட் இரண்டையும் டிக் செய்யுங்கள். அப்ளை டு என்ற இடத்தில் எல்லாம் என்று இருக்கட்டும்.

4. இந்த ஃபோல்டருக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தட்டும் என்ற டிக்கைப் போட்டுச் சேமியுங்கள். இதை மறந்தால் ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஃபைல்கள் சில பழைய அனுமதியோடே இருந்துவிடலாம்.

5. கன்ட்ரோல் பேனலில் அலுவலகம் ஷேர்ட் ஃபோல்டரை எடிட் செய்து, அனுமதி இல்லாதவர்களுக்கு சப்ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் மறைக்கும் தேர்வை இயக்குங்கள். வங்கி என்ற பெயரே உதவியாளர் கண்ணில் படாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்: முடிந்தவரை இந்த வேலைக்கே போகாதீர்கள். வங்கி என்று தனி ஷேர்ட் ஃபோல்டர் போட்டால் அரை நிமிடத்தில் வேலை முடியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் யாருக்கு என்ன அனுமதி என்று ஒரே திரையில் தெரியும். சப்ஃபோல்டருக்குள் புதைந்த ஏசிஎல்லைப் போட்டவருக்கே நாளாக நாளாக மறந்துபோகும்.

இன்னொன்று. அனுமதிக் குழப்பம் வந்ததும் எஸ்எஸ்எச்சில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) நுழைந்து எல்லாவற்றுக்கும் 777 அடிக்கச் சொல்லும் யோசனை இணையத்தில் நிறையக் கிடைக்கும். அந்த எண்களில் 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. மூன்றையும் கூட்டினால் 7. ஆக 777 என்றால் உரிமையாளர், குரூப், மற்ற எல்லோரும் என மூன்று தரப்புக்கும் எல்லாமே திறப்பு. சினாலஜியில் இதில் இன்னொரு கேடும் உண்டு: அப்படி மாற்றிய ஃபைல்களின் ஏசிஎல் கழன்று பழைய லினக்ஸ் முறைக்குப் போய்விடும். மேலே ஐந்து படியில் செய்தது அத்தனையும் வீண்.

எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். ஏசிஎல்லில் ரைட் என்பதைத் திறந்து பார்த்தால் அதற்குள் ஃபைல் உருவாக்க, ஃபோல்டர் உருவாக்க, அழிக்க என்று தனித்தனி டிக்குகள் இருக்கும். அழிப்பதற்கான இரண்டையும் (அந்த ஃபைலை அழிப்பது, உள்ளே இருப்பவற்றை அழிப்பது) எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும்.

ஸ்கேனருக்கு இது அருமையாக வேலை செய்யும். பிடிஎஃப் ஒன்றை உருவாக்கிப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. சிசிடிவி பதிவு என்றால் பழைய பதிவுகளை நீக்குவது யார் என்று முதலில் பாருங்கள். கேமராவே நீக்க வேண்டுமென்றால் இது சரிவராது. வேர்டிலும் எக்ஸெலிலும்தான் அடி வாங்குவீர்கள். சேவ் அமுக்கும்போது அவை பழைய ஃபைலின் மேல் நேராக எழுதுவதில்லை. தற்காலிகமாக ஒரு ஃபைலை உருவாக்கி, அதில் எழுதி, பழையதை அகற்றி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கின்றன. அழிக்கும் உரிமை இல்லாவிட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, சேமிக்க முடியவில்லை என்று பிழை காட்டும். ஃபோல்டரில் விநோதப் பெயர்களோடு தற்காலிக ஃபைல்கள் மட்டும் குவியும். டேலியின் தரவு ஃபோல்டருக்கும் முழு எழுத்துரிமை கொடுத்தே ஆக வேண்டும்.

ஆக, உதவியாளரின் அழிக்கும் உரிமையைப் பிடுங்குவது வழியல்ல. அழித்தாலும் மீட்க வழி வைத்திருப்பதுதான் வழி. ரீசைக்கிள் பின்னை ஒவ்வொரு ஷேர்ட் ஃபோல்டரிலும் இயக்கி, அதை நிர்வாகிகள் மட்டும் திறக்கும்படி வையுங்கள். ஆனால் ஃபைலை அழிக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றி எழுதினால் ரீசைக்கிள் பின்னுக்கு அது தெரியவே தெரியாது. ரான்சம்வேர் செய்வது பெரும்பாலும் அதைத்தான். அதற்கு ஸ்நாப்ஷாட், அதாவது ஃபோல்டர் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் அமைத்த வால்யூமில் (சேமிப்புப் பகுதியில்) ஸ்நாப்ஷாட் ரெப்ளிகேஷன் பேக்கேஜை நிறுவி, அலுவலகம் ஃபோல்டருக்கு மணிக்கொரு முறை, மற்றவற்றுக்கு நாளுக்கொரு முறை என்று வைக்கலாம். டிஎஸ்எம் 7.2 முதல், குறித்த நாள் வரை நிர்வாகியே நினைத்தாலும் அழிக்க முடியாத ஸ்நாப்ஷாட்களும் உண்டு. விலை குறைந்த சில மாடல்களில் பிடிஆர்எஃப்எஸ் கிடையாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செய்யும் குழப்பம்

அனுமதியெல்லாம் சரியாகப் போட்ட பிறகும் மகளின் லேப்டாப்பில் ஆவணம் ஃபோல்டர் திறக்கிறது. காரணம் நாஸில் இல்லை. முன்பு எப்போதோ அப்பாவின் கணக்கில் அதே லேப்டாப்பில் நுழைந்திருக்கிறார்கள். விண்டோஸ் அதை நினைவில் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் நாஸின் பெயரிலும் ஐபி முகவரியிலும் இருப்பவற்றை நீக்கிவிட்டு, சைன் அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

ஒரே விண்டோஸ் கணக்கிலிருந்து ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசராக இணைய முடியாது. முயன்றால் 1219 என்ற பிழை எண் வரும். பொதுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளும் பெரியவர்களும் மாறி மாறி உட்கார்வார்கள் என்றால், விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கு வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

கெஸ்ட் கணக்கை இயக்கிப் பாஸ்வேர்டே இல்லாமல் பொது ஃபோல்டரைத் திறந்துவைப்பது முன்பு சகஜம். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு வந்த பிறகு அப்படிப்பட்ட இணைப்பை விண்டோஸே மறுத்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட ரெஜிஸ்ட்ரியைக் கிளற வேண்டாம், ஒரு கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பிரிண்டர்களில் வேறு தொல்லை. சில மாடல்களுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2017 மே மாதத்தில் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு பிரிண்டருக்காக அந்தப் பழைய முறையை நாஸில் திறந்துவிடாதீர்கள். ஃபைல் சர்வீசஸ் பக்கத்தில் குறைந்தபட்சம் எஸ்எம்பி 2 என்று வைத்துவிட்டு, ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும் வசதி அந்தப் பிரிண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்எஃப்எஸ் போடும் முன்

டிவி பாக்ஸுக்கோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கோ, எஸ்எம்பிக்குப் பதில் என்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் பகிரும் முறை வேகமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வீடுகளில் வழக்கமாக இயக்கும் முறையில் அது பாஸ்வேர்டே கேட்காது. எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது, அங்கே இருக்கும் யூசரின் எண் என்ன என்று மட்டும் பார்க்கும். ராஸ்பெரி பையில் முதல் யூசரின் எண் வழக்கமாக 1000. சினாலஜியில் நீங்கள் உருவாக்கும் முதல் யூசருக்கு 1026. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் ஒத்துப்போகாததால் அனுமதி மறுப்பு வரும். ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் கன்டெய்னர்களில் வரும் அனுமதிச் சண்டையும் பெரும்பாலும் இதே எண் விவகாரம்தான்.

என்எஃப்எஸ் விதி எழுதும்போது எல்லா முகவரிகளுக்கும் என்று நட்சத்திரக் குறி போடாமல், அந்தக் கருவிக்கு ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்கி, அதற்கு மட்டும் ரீட் ஒன்லி கொடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு என்எஃப்எஸ் தேவையே இல்லை. சினிமா பார்க்க எஸ்எம்பியின் வேகம் தாராளம்.

சோதித்துப் பாருங்கள்

நிர்வாகக் கணக்கில் இருந்துகொண்டு எல்லாம் திறக்கிறது என்று திருப்திப்பட்டால் அது சோதனை ஆகாது. ஃபைல் ஸ்டேஷனில் ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன் பக்கத்தில் பெர்மிஷன் இன்ஸ்பெக்டர் என்று ஒன்று இருக்கிறது. யூசரைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஃபோல்டரில் அவரால் என்னென்ன முடியும் என்று கூட்டிக்கழித்துக் காட்டும். அதோடு நிற்காமல் மகனின் லேப்டாப்பில் அவன் கணக்கிலேயே உட்கார்ந்து போட்டோ ஃபோல்டருக்குள் ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைலை உருவாக்கிப் பாருங்கள். மறுக்க வேண்டும். பொதுவில் உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். மூன்றும் நடக்க வேண்டும்.

வெளியிலிருந்து நுழைய

எஸ்எம்பியின் 445, டிஎஸ்எம்மின் 5000, 5001 போர்ட்களை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று க்யூநாப் பெட்டிகளைத் தாக்கிய ரான்சம்வேர்கள் குறிவைத்தது இணையத்தில் நேராகத் தெரிந்த நாஸ்களைத்தான். அந்தத் தாக்குதல்கள் மென்பொருளின் ஓட்டை வழியாக வந்தவை. நீங்கள் போட்ட ஃபோல்டர் அனுமதி எதுவும் அங்கே குறுக்கே நிற்காது. டெயில்ஸ்கேல் அல்லது வேறு விபிஎன் (வெளியார் நுழைய முடியாத தனி இணைப்பு) வழியாக வாருங்கள். செக்யூரிட்டி பகுதியில் ஆட்டோ பிளாக்கும் இயங்கட்டும். தவறான பாஸ்வேர்டைத் தொடர்ந்து முயலும் முகவரியை அது தானாகத் தடுத்துவிடும்.

ஆடிட்டருக்கு ஒரு ஃபைல் அனுப்ப வேண்டுமென்றால் அவருக்குக் கணக்கு உருவாக்காதீர்கள். அந்த ஃபைலுக்கு மட்டும் ஷேர் லிங்க் எடுத்து, பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் வைத்து அனுப்புங்கள். லிங்க் வெளியிலிருந்து திறக்க சினாலஜியின் க்விக்கனெக்ட் என்ற இணைப்புச் சேவை இயங்க வேண்டும்; அது வேண்டாம் என்பவர்கள் மெயிலிலேயே அனுப்பிவிடலாம்.

ஆள் மாறும்போது

உதவியாளர் வேலையை விட்டுப் போனால் கணக்கை உடனே டெலீட் செய்ய வேண்டாம். யூசர் எடிட் பக்கத்தில் முடக்கும் தேர்வு இருக்கிறது; உடனடியாக முடக்கலாம், அல்லது கடைசி வேலை நாளைத் தேதியாகக் கொடுத்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு மட்டும் வரும் ஆள் என்றால் கணக்கு உருவாக்கும் அன்றே இந்தத் தேதியைப் போட்டுவிடுங்கள். முடக்கிய கையோடு ரிசோர்ஸ் மானிட்டரில் கனெக்ஷன்ஸ் பக்கத்தைப் பார்த்து, அவர் பெயரில் இன்னும் திறந்திருக்கும் இணைப்பு இருந்தால் துண்டியுங்கள். அவருடைய ஹோம் ஃபோல்டரில் அலுவலக ஃபைல்கள் கிடக்கும். அவற்றை அலுவலகம் ஃபோல்டருக்கு மாற்றிய பிறகு கணக்கை நீக்கலாம். அவருக்குத் தெரிந்த மற்ற பாஸ்வேர்டுகளையும் யோசித்துப் பாருங்கள்: ஸ்கேனர் கணக்கை அமைத்துக் கொடுத்தது அவராக இருந்தால் அதையும், வைஃபை பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.